பழைய டுகாட்டி ஒன்றை வாங்கினால்…

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

வெல்லாவெளிப் பக்கம் மேல்வகுப்புப் பையன்களுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு மோட்டார் சைக்கிள் கீறியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் கேட்பார்கள்: "சேர், புதுசு வாங்க நமக்கு ஏலாது. பாவிச்ச டுகாட்டி ஒண்டு எடுத்து ஓடினா எப்படி சேர்?"

"முதல்ல சோதனைய எழுது மகன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இது நல்ல கேள்வியாகவே தெரிகிறது. பாவித்த வாகனம் ஒன்றை வாங்குகிறவர் இரும்பை மட்டும் வாங்குவதில்லை, அதன் பழைய கணக்கையும் சேர்த்தே வாங்குகிறார். இத்தாலி மோட்டார் சைக்கிளில் அந்தக் கணக்கு 1956 இல் எழுதத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு யுத்தக் கதையும் இருக்கிறது. யுத்தம் கண்ட ஊர்க்காரர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.

*

டுகாட்டி 1926 இல் இத்தாலியின் பொலோனியா நகரில் தொடங்கப்பட்டபோது அது மோட்டார் சைக்கிள் கொம்பனி அல்ல. அன்ரோனியோ டுகாட்டி என்ற பொறியியலாளரும் அவருடைய மூன்று மகன்மாரான அத்ரியானோ, மார்செல்லோ, புருனோ ஆகியோரும் வானொலிப் பெட்டிக்கான உதிரிப் பாகங்கள் செய்தார்கள். வியாபாரம் வளர்ந்தது. 1935 இல் நகரின் புறத்தே போர்கோ பனிகாலே என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலைக்கு அடிக்கல் வைத்தார்கள். இன்றைக்கும் டுகாட்டி அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1944 ஒக்டோபர் 12 ஆம் திகதி நேச நாட்டு விமானங்கள் அந்தத் தொழிற்சாலையைக் குண்டு போட்டு நொறுக்கின. யுத்தம் முடிந்தபோது கட்டடமும் இல்லை, வானொலி வாங்க மக்களிடம் காசும் இல்லை. வேலைக்குப் போகவும் சாமான் கொண்டு வரவும் ஏதாவது ஒன்று வேண்டும் என்பதே சனங்களின் தேவையாக இருந்தது. பலரிடம் மிச்சம் இருந்தது ஒரு சைக்கிள் மட்டும்தான்.

அந்த நேரத்தில் தூரின் நகரில் அல்டோ ஃபரினெல்லி என்பவர் சைக்கிளில் பூட்டக்கூடிய 48 சீசீ எஞ்சின் ஒன்றை வடிவமைத்திருந்தார். அதன் பெயர் குச்சோலோ. இத்தாலிய மொழியில் நாய்க்குட்டி என்று அர்த்தம். அது போடும் சத்தத்துக்காக வைத்த பெயர். 1946 இல் டுகாட்டி அதைச் செய்ய ஆரம்பித்தது. ஆகவே, பிள்ளைகள் கொப்பியில் கீறுகிற அந்தச் சிவப்பு இயந்திரத்தின் மூதாதை, வறிய மனிதர் ஒருவரின் சைக்கிளில் கட்டிய சின்ன எஞ்சின்தான்.

இத்தாலியில் அன்று இப்படிப் பிறந்தது டுகாட்டி மட்டுமல்ல. பியாஜியோ கொம்பனி யுத்தத்துக்கு முன் விமானம் செய்தது. அதன் தொழிற்சாலையும் குண்டுவீச்சில் அழிந்தது. விமானப் பொறியியலாளரான கொராதினோ தஸ்கானியோவை வைத்து 1946 இல் அவர்கள் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார்கள். மிலானில் இரும்புக் குழாய் செய்த இன்னொசென்டி கொம்பனி 1947 இல் லம்பிரெட்டாவைக் கொண்டுவந்தது. 1948 இல் பியாஜியோ அதே வெஸ்பாவின் பின்பக்கத்தில் இரண்டு சில்லுப் பூட்டி, சாமான் ஏற்றும் மூன்று சில்லு வண்டி ஒன்றைச் செய்தது. அதற்கு வைத்த பெயர் அப்பே. தேனீ என்று அர்த்தம்.

இந்தத் தேனீயை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1960 களின் தொடக்கத்தில் இந்தியாவின் பஜாஜ் கொம்பனி பியாஜியோவிடம் உரிமம் பெற்று ஸ்கூட்டரும் மூன்று சில்லு வண்டியும் செய்யத் தொடங்கியது. 1977 இல் நம் நாட்டில் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு அந்த வண்டிகள் இங்கே பெருகின. களுவாஞ்சிகுடிச் சந்தியில் வரிசையாக நிற்கிற ஓட்டோக்களின் வம்சம் இத்தாலியில் குண்டு விழுந்த ஒரு தொழிற்சாலையில்தான் தொடங்குகிறது. டுகாட்டி நம் வீதிக்கு வராவிட்டாலும் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.

*

இனி 1954 க்கு வருவோம். அந்த வருடம் டுகாட்டியில் ஃபபியோ தலியோனி என்ற பொறியியலாளர் சேர்ந்தார். அதற்கு முன் அவர் இமோலா என்ற ஊரில் ஒரு தொழினுட்பப் பாடசாலையில் ஆசிரியர். வகுப்பில் தன்னுடைய மாணவர்களோடு சேர்ந்து 75 சீசீ பந்தய எஞ்சின் ஒன்றை வடிவமைத்தார். அது செக்காத்தோ என்ற மோட்டார் சைக்கிள் கொம்பனிக்குப் போனது. ஒரு பாடசாலையின் வேலை அறையிலிருந்து ஓர் எஞ்சின் சந்தைக்குப் போயிருக்கிறது. ஆசிரியத் தொழிலில் இருக்கிற எனக்கு டுகாட்டியின் வரலாற்றிலேயே பிடித்த வரி அதுதான்.

தலியோனி டுகாட்டிக்குக் கொண்டுவந்த பெரிய விடயம் டெஸ்மோ. இதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால்தான் பாவித்த டுகாட்டியோடு வாழ்வது என்றால் என்னவென்று விளங்கும்.

எஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் போக ஒரு வாசல், புகை வெளியேற ஒரு வாசல். அந்த வாசல்களின் கதவுதான் வால்வ். சாதாரண எஞ்சினில் கேம் என்ற சுழலும் துண்டு வால்வைத் தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் அதை இழுத்து மூடும். கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் அது தானாக மூடுமே, அதே மாதிரி. ஆட்கள் ஒவ்வொருவராக வந்தால் கதவு ஒழுங்காக மூடும். பெருநாள் கூட்டம் மாதிரி அடித்துப் பிடித்து வந்தால் மூட நேரம் கிடைக்காது, கதவு ஆடிக்கொண்டே நிற்கும். எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது அன்றைய ஸ்பிரிங்குகளுக்கும் இதுதான் நடந்தது. மூடாத வால்வில் பிஸ்டன் மோதினால் எஞ்சின் முடிந்தது.

தலியோனி ஸ்பிரிங்கை நம்பவில்லை. வால்வைத் திறக்க ஒரு கை, மூட இன்னொரு கை என்று வைத்தார். இந்த முறையை அவர் முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. மெர்சிடிஸ் கொம்பனி 1954, 1955 ஆம் ஆண்டுகளின் பந்தயக் கார்களில் அதைப் பயன்படுத்தியது. ஆனால் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் தலியோனிதான். 1956 இல் சுவீடனின் ஹெடெமோராவில் டுகாட்டியின் 125 சீசீ டெஸ்மோ இறங்கிய முதல் பந்தயத்திலேயே வென்றது. 1968 இலிருந்து சாதாரண மக்கள் வாங்கும் டுகாட்டிகளிலும் டெஸ்மோ வந்தது.

பிறகு வந்த வெற்றிகள்தான் அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. 1972 இல் இமோலாவில் நடந்த 200 மைல் பந்தயத்தில் போல் ஸ்மார்ட் முதலாவது, புருனோ ஸ்பஜியாரி இரண்டாவது, இரண்டுமே டுகாட்டி 750. 1978 இல் மைக் ஹெயில்வுட் 38 வயதில், 11 வருட இடைவெளிக்குப் பிறகு, மேன் தீவுப் பந்தயத்துக்குத் திரும்பி வந்து டுகாட்டியில் வென்றார். 1994 இல் மஸ்ஸிமோ தம்புரீனி வடிவமைத்த 916 வந்தது. பிள்ளைகள் கீறும் படங்களில் பெரும்பாலானவற்றின் மூலம் அந்த 916 தான் என்று எனக்குப் படுகிறது.

*

பந்தயத்தில் ஓடும் சைக்கிளுக்குப் பக்கத்தில் நாலைந்து மெக்கானிக்மார் நிற்பார்கள். ஒரு பந்தயம் முடிந்ததும் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பார்கள். வீட்டு முற்றத்தில் நிற்கும் சைக்கிளுக்கு அப்படி யாரும் இல்லை. ஆனால் எஞ்சின் அதே குடும்பத்து எஞ்சின். பாவித்த டுகாட்டியின் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

வகுப்பில் இதைக் கணக்காகவே சொல்லலாம். 916 இல் 2 சிலிண்டர். ஒன்றுக்கு 4 வால்வ். மொத்தம் 8. சாதாரண எஞ்சினில் ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் இடைவெளியை அளந்தால் போதும். டெஸ்மோவில் திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று. ஆக 16 அளவுகள். ஒவ்வொன்றும் மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு. சரியில்லாவிட்டால் சின்ன உலோகத் துண்டை மாற்றி மீண்டும் பூட்டி மீண்டும் அளக்க வேண்டும். இது பொறுமையும் நேரமும் கேட்கிற வேலை. நேரம் என்றால் கூலி.

அடுத்தது பெல்ட். 1970 களின் இறுதியில் வந்த பன்டா மாதிரியிலிருந்து டுகாட்டி தன் கேம்களைச் சுழற்ற இறப்பர் பெல்ட் பயன்படுத்தியது. பல மாதிரிகளுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொன்னார்கள். சைக்கிள் ஓடாமல் நின்றாலும் இறப்பர் கிழடாகும். ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் போய்விடும். "ஆள் கனக்க ஓடல்ல, வீட்டுக்குள்ளதான் நிண்டது" என்று விற்கிறவர் சொல்வது மற்ற வாகனங்களுக்கு நல்ல செய்தியாக இருக்கலாம். பழைய டுகாட்டிக்கு அது கவலைப்பட வேண்டிய செய்தி.

916 போன்றவற்றின் கிளச் ஒயிலில் ஊறாத உலர் கிளச். நின்ற இடத்தில் கலகலவென்று தகரப் பேணிக்குள் ஆணி போட்டுக் குலுக்குவது மாதிரிச் சத்தம் போடும். பழுது என்று நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. புகைக்குழாய் இருக்கைக்குக் கீழே போகிறது. ஐரோப்பியக் குளிருக்கு அது பரவாயில்லை. நம் வயல்வெளி வீதியில் சித்திரை மாத மத்தியான வெயிலில் அதன்மேல் உட்கார்ந்து வருவதை யோசித்துப் பாருங்கள். கிறவல் வீதியில் குனிந்து பிடிக்கும் ஹான்டில், மார்கழி வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர், பின்னேரமானால் யானைப் பயம். வீதி ஒன்று, இயந்திரம் இன்னொன்று.

இதையெல்லாம் அந்தக் கொம்பனியே உணர்ந்தது என்பதுதான் வரலாற்றின் சுவையான பகுதி. 1985 இல் கஸ்திலியோனி சகோதரர்களின் கஜீவா கொம்பனி டுகாட்டியை வாங்கியது. 1992 இல் ஆர்ஜென்டினாக்காரரான மிகெல் கலுஸி, வெவ்வேறு டுகாட்டி மாதிரிகளின் பாகங்களைச் சேர்த்து மொன்ஸ்டர் என்ற ஒன்றை வடிவமைத்தார். ஓர் எஞ்சின், ஒரு சட்டம், ஒரு டாங்கி, மேலதிக மூடி எதுவும் கிடையாது. நம் ஊர்க் கராஜில் இரண்டு பழைய சைக்கிளைச் சேர்த்து ஒன்றாக்குவார்களே, கிட்டத்தட்ட அந்த மனநிலை. காற்றில் குளிரும் அதன் சாதாரண மாதிரிகளில் வால்வ் நான்கு மட்டும். அளவுகள் 16 இலிருந்து 8 ஆகக் குறைந்தன. கொம்பனியைத் தூக்கி நிறுத்தியதில் பந்தயச் சைக்கிளுக்கு இருந்த பங்கு இந்த எளிமையான சைக்கிளுக்கும் இருந்தது.

பிறகு 2020 இல், தூரப் பயணத்துக்கான ஒரு மாதிரிக்காகச் செய்த புது எஞ்சினில் டுகாட்டி டெஸ்மோவையே கைவிட்டது. சாதாரண ஸ்பிரிங்குக்குத் திரும்பியது. இப்போதைய உலோகத்தில் செய்த ஸ்பிரிங் தலியோனியின் காலத்து ஸ்பிரிங்கை விடப் பன்மடங்கு திறமானது. அந்த எஞ்சினில் வால்வ் இடைவெளியை 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றார்கள். 60 வருடத்துக்கு மேல் தங்கள் அடையாளமாக வைத்திருந்த ஒன்றை, வாங்குகிறவரின் சிரமத்தை நினைத்து அவர்களே விட்டுக்கொடுத்தார்கள். ஓர் இயந்திரத்தின் பெருமை அதன் வேகத்தில் இருக்கலாம். ஆயுள் இருப்பது பராமரிப்பில்தான் என்று டுகாட்டியே ஒப்புக்கொண்ட இடம் அது.

*

இதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பாவித்த இயந்திரத்தோடு வாழ்வதில் நம் சனங்களுக்கு இருக்கிற அனுபவம் உலகத்தில் குறைவான பேருக்குத்தான் இருக்கும்.

1990 களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எந்தத் தொழிற்சாலைப் புத்தகத்திலும் இல்லாத தொழினுட்பம் அது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. அந்த வருடங்களில் நாடு முழுக்க ஓடியது ஏற்கனவே இருந்த வாகனம்தான். 2022 இல் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். எழுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளிக்குப் படிப்பிக்க வருகிறவர்களும், குருமண்வெளியில் பாதையில் சைக்கிளை ஏற்றி மண்டூருக்குப் போகிறவர்களும் அந்த 4 லீற்றரை எப்படிப் பிரித்தோம் என்பது நமக்குத் தெரியும். எஞ்சின் சரியாக ட்யூன் செய்திருந்தால் வெள்ளிக்கிழமை வரை வந்தது. இல்லாவிட்டால் புதன்கிழமையோடு சரி.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் வந்தார், வயலுக்கு விதைநெல் போனது, இரவில் வருத்தக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இவற்றுக்குப் பின்னால் ஊருக்கு ஊர் தகரக் கொட்டிலில் கையெல்லாம் கிறீஸோடு இருந்த மெக்கானிக்மார் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த விழாவிலும் பொன்னாடை போர்த்தியதை நான் கண்டதில்லை.

*

சரி, கேள்விக்கு வருவோம். பாவித்த டுகாட்டி வாங்கலாமா?

அதைத் திறந்து 16 அளவையும் அளக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், பெல்ட்டும் பாகமும் கிடைக்கிற இடத்தில் இருந்தால், அதற்கென்று மாதாமாதம் ஒதுக்கக் காசு இருந்தால், வாங்கலாம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது முற்றத்தில் நிற்கும் சிலை. வாங்குவது ஒரு நாள் வேலை. அதோடு வாழ்வது வருடக் கணக்கு.

டுகாட்டியை விடுங்கள், நாளைக்கு ஒரு பாவித்த 100 சீசீ சைக்கிள் வாங்கப் போனாலும் இதே பாடம்தான். காலையில் போய், எஞ்சின் குளிராக இருக்கும்போது உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்த எஞ்சின் தன் வருத்தத்தை மறைக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்த டயர். பூ தேயாமல் இருந்தாலும் வயது போயிருக்கும். எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் கைமாறி வந்த சைக்கிளைத் தொடாதீர்கள். கடைசியாக எப்போது, யார் சேர்விஸ் செய்தார் என்று கேளுங்கள். அந்த மெக்கானிக்கிடமே போய் விசாரியுங்கள். லீசிங் தவணையைக் கணக்குப் போடும்போது ஒயில், டயர், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். ஹெல்மட்டை மட்டும் பாவித்தது வாங்காதீர்கள். அது ஏற்கனவே ஒரு தலையைக் காப்பாற்றி, உள்ளுக்குள் வெடித்திருக்கலாம்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொருளின் குறையை மறைத்து விற்பது எங்கள் மார்க்கத்தில் கூடாது. பக்கத்துக் கோயிலில் கும்பிடுகிறவரின் நம்பிக்கையும் அதை ஏற்காது. மோட்டார் சைக்கிளில் மறைத்த குறை பிறகு காசோடு போகாது, வளைவில் ஒரு பிள்ளையின் உயிரோடு போகும். பிரேக் சரியில்லை என்றால் பிரேக் சரியில்லை என்று சொல்லி விலையைக் குறையுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது. அதற்குப் பிள்ளையை அனுப்பச் சொன்னால் இப்போதும் சில வீடுகளில் முகம் சுருங்குகிறது. பின்னேரம் கராஜில் போய் நிற்கிற பையனை "கெட்டுப்போனான்" என்கிறோம். தலியோனியின் வகுப்பில் இருந்தவர்களும் இப்படிப்பட்ட பையன்கள்தான். அவர்கள் கையில் ஓர் ஆசிரியர் அளவுகோலைக் கொடுத்தார், ஓர் எஞ்சின் வந்தது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் கீறுகிற பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்க நம்மால் முடியாது. அதைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு அனுப்ப முடியும். படுவான்கரையில் ஓடும் ஒவ்வொரு பழைய சைக்கிளுக்கும் நாளைக்கு ஒரு கை தேவைப்படும். அது படித்த கையாக இருக்கட்டும்.

உங்கள் ஊரில் நல்ல மெக்கானிக் ஒருவர் இருந்தால், அடுத்த முறை கூலி கொடுக்கும்போது பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.